முதலில் பூட்ஸ், கடைசியில் ஸ்கீ

1950ஆம் ஆண்டு மார்ச் மாதம், லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் ஹீத் மேட்டில் சாரம் கட்டி 60 அடி உயரத்துக்கு ஒரு தாவுதளம் எழுப்பினார்கள். நார்வேயிலிருந்து கப்பலில் 45 டன் பனி பெட்டி பெட்டியாக வந்திறங்கியது. வழியில் உருகிவிடாமல் இருக்க உலர்பனி வைத்து அடைத்திருந்தார்கள். கூடவே வந்த நார்வே வீரர்கள் அந்தப் பனியில் சறுக்கி வந்து தாவியதை லண்டன்வாசிகள் அண்ணாந்து பார்த்தார்கள்.

பனியே நிலைக்காத இந்த ஊருக்குப் பனிச்சறுக்கு மேல் உள்ள மோகம் அதற்கும் முந்தியது. பிரிட்டனின் ஸ்கீ கிளப் 1903இல் பிறந்தது எந்த மலையடிவாரத்திலும் அல்ல, ரீஜன்ட் தெருவில் கஃபே ராயல் உணவகத்தில். அதற்கும் ஒன்பது ஆண்டுகள் முன்பே ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில், சுவிட்சர்லாந்தின் தாவோஸிலிருந்து மலைக்கணவாய் தாண்டி அரோசாவுக்கு ஸ்கீயில் போன கதையை ‘ஸ்ட்ராண்ட்’ இதழில் எழுதிவிட்டார். லிஃப்ட் இல்லை, சமன் செய்த சரிவு இல்லை. உள்ளூர்ச் சகோதரர்கள் இருவர் வழிகாட்ட, ஏறி, நடந்து, விழுந்து, இறங்கினார். கிழியவே கிழியாது என்று பேர்பெற்ற ட்வீட் துணியில் தைத்த கால்சட்டை அந்த இறக்கத்தில் என்ன ஆனது என்பதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அந்த இதழின் அலுவலகம் இருந்த கோவன்ட் கார்டன் சவுத்ஹாம்ப்டன் தெருவில் இன்று மலையேற்றச் சாமான் விற்கும் கடைகள்.

அந்தக் கடைகளுக்குப் போய்விட்டுக் குழம்பித் திரும்புகிறவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஸ்கீ என்பது இப்போது அந்நியச் சொல் இல்லை. பள்ளிக்கூடம் பிள்ளைகளை ஆல்ப்ஸுக்கு அழைத்துப் போகிறது. அலுவலக நண்பர்கள் பிரான்ஸுக்குக் கூப்பிடுகிறார்கள். அது லிஃப்டில் ஏறி, சீராக்கிய சரிவில் இறங்கும் ஆட்டம். ஒஸ்லோவில் இருக்கும் மச்சானோ சித்தியோ “ஈஸ்டருக்கு வாங்கோ, மலைக்கு ஸ்கீயில போவம்” என்று கூப்பிடும்போது சொல்வது வேறு. முதுகில் பையோடு, யாரும் தடம் வெட்டாத பனிவெளியில், ஒரு குடிலிலிருந்து அடுத்த குடிலுக்கு நாள் முழுக்க நடப்பது அது. யாழ்ப்பாணத்துக்காரர்களின் அடுத்த தலைமுறை நார்வேப் பள்ளிகளில் ஸ்கீ நாளுக்கு வரிசையில் நின்று வளர்ந்தது. அவர்களுக்கு அது சாதாரண நடை. லண்டனிலிருந்து போகிற நமக்கோ எதை வாங்குவது என்பதிலேயே முதல் சறுக்கல்.

இரண்டுக்கும் உள்ள முக்கிய வித்தியாசம் குதிகால். லிஃப்ட் ஸ்கீயில் பாதம் முழுவதும் பலகையோடு பூட்டப்பட்டிருக்கும். பனிவெளி நடைக்கான ஸ்கீயில் விரல்முனை மட்டும் பிணைந்திருக்கும். குதிகால் ஒவ்வோர் அடிக்கும் எழும்பித் தாழும். ஒரு நாளைக்கு ஆயிரமாயிரம் தடவை. ஆகவே இந்த விளையாட்டில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது பூட்ஸுக்குள் இருக்கும் பாதம். அப்படியிருந்தும் கடைக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் முதலில் கை வைப்பது ஸ்கீ பலகையில்தான். அது சுவரில் நீளமாக, வண்ணமாக, மின்னிக்கொண்டு நிற்கிறது. பிறகு அதற்கேற்ற பைண்டிங் (பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பாகம்), கடைசியில் மீதிப் பணத்துக்குக் கிடைக்கும் பூட்ஸ் என்று போகிறது கணக்கு. அதை அப்படியே தலைகீழாகத் திருப்ப வேண்டும் என்பது என் கட்சி.

பாதம் சொல்வதைக் கேளுங்கள்

கடைக்கு மாலையில் போங்கள். பகல் முழுக்க நடந்த பாதம் சற்றே வீங்கியிருக்கும். பனியில் மதியத்துக்கு மேல் அது இருக்கப்போகும் அளவு அதுதான். போட்டுப்போகப்போகும் காலுறைகளையும் கையோடு கொண்டுபோங்கள்: உள்ளே மெல்லியது ஒன்று, மேலே தடித்த கம்பளி ஒன்று. கடைக்காரர் கொடுக்கும் மெல்லிய உறையோடு அளவு பார்த்து வாங்கியவர்கள் மலையில் விரல் மரத்துப்போய் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். இறுக்கம் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும், குறைந்த ஓட்டம் குளிரைக் கூட்டும். விரல்கள் உள்ளே தாராளமாக அசைய வேண்டும். குதிகால் அசையவே கூடாது. இந்த இரண்டும் ஒருசேரப் பொருந்தும் பூட்ஸ் கிடைக்கும்வரை போட்டுப் போட்டுக் கழற்றத்தான் வேண்டும்.

செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்த நம்மில் பலருக்கு முன்பாதம் விரிந்திருக்கும். ஐரோப்பியக் கம்பெனிகளின் வார்ப்புகளில் சில ஒடுக்கம், சில அகலம். ஆல்ஃபா, அல்பினா, கிறிஸ்பி, ஃபிஷர் ஆகிய பெயர்களில் எது உயர்ந்தது என்று இணையத்தில் தேடுவதைவிட, ஒவ்வொன்றிலும் பாதத்தை நுழைத்துப் பார்ப்பது மேல். நீளம் சரியாக இருந்து பக்கவாட்டில் பிடித்தால், ‘போகப்போகத் தளர்ந்துவிடும்’ என்ற வாக்கை நம்ப வேண்டாம். தோல் பூட்ஸ் சற்றுத் தளரும். செயற்கைத் துணியில் செய்தது அவ்வளவாகத் தளராது.

பிறகு மூன்று சோதனைகள். ஒரு காலை முன்னே வைத்து, பின்காலின் முழங்காலைத் தரையருகே கொண்டுபோய் மடங்கி நில்லுங்கள். விரல்கள் பாதத்தோடு சேரும் இடத்தில் பூட்ஸ் மடியும். அந்த மடிப்பு உள்ளே அழுத்தி விரலைக் கடித்தால் அந்த ஜோடி உங்களுக்கு இல்லை. கடையில் லேசான உறுத்தல், பத்தாவது கிலோமீட்டரில் கொப்புளம். அடுத்து, பூட்ஸைக் கையில் எடுத்து, துணி பிழிவதுபோல் முனையையும் குதிகாலையும் எதிரெதிராக முறுக்குங்கள். முன்பக்கமாக எளிதில் மடிய வேண்டும், பக்கவாட்டில் முறுகக் கூடாது. அந்த விறைப்பின் மூலம்தான் உங்கள் பாதத்தின் திருப்பம் பலகைக்குப் போய்ச்சேர்கிறது. மூன்றாவதாக, கடையின் மாடிப்படியில் ஏறி இறங்குங்கள். இறங்கும்போது விரல்நுனி முன்சுவரில் இடிக்கிறதா?

தோலா, செயற்கைத் துணியா என்ற பட்டிமன்றம் ஓயாதது. செயற்கை இலேசானது, சீக்கிரம் காயும், பராமரிப்பு குறைவு. தோல் பாதத்தின் வடிவத்துக்கு வந்துவிடும், பல ஆண்டு உழைக்கும், ஆனால் மெழுகு பூசிப் பேண வேண்டும். நனைந்த தோலை அடுப்பருகே வைத்தால் சுருங்கி வெடித்துவிடும். வருடத்தில் ஒரு வாரம் மட்டும் போகிறவர்களுக்குச் செயற்கை போதும். நாலைந்து நாள் தொடர்ந்து கடுங்குளிரில் தங்குகிறவர்கள், உள் உறைக்கும் கம்பளி உறைக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் பையைப் போட்டுக்கொள்வது பழைய துருவப்பயணிகளின் உபாயம். வியர்வை கம்பளிக்கும் பூட்ஸுக்கும் போகாமல் தடுத்துவிடும். ரொட்டி வரும் பையே போதும்.

வாட்டர்லூ பிளேஸில் நிற்கும் சிலை

பூட்ஸுக்கு இவ்வளவு பீடிகையா என்று கேட்பவர்களை வாட்டர்லூ பிளேஸுக்கு அழைத்துப்போக வேண்டும். அங்கே கேப்டன் ஸ்காட்டின் வெண்கலச் சிலை நிற்கிறது. செதுக்கியவர் சிற்பியான அவருடைய மனைவி கேத்லீன், நிறுவப்பட்டது 1915இல்.

தென்துருவத்துக்கு ஸ்காட்டோடு போட்டியிட்ட அமுண்ட்சன், 1911ஆம் ஆண்டின் நீண்ட இருட்டுக் குளிர்காலத்தில் தம் குடிலில் என்ன செய்துகொண்டிருந்தார்? பூட்ஸைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தார். நார்வேயில் செய்வித்துக் கொண்டுவந்த பூட்ஸ் விறைப்பாகவும் விரலுக்கு இடமில்லாமலும் இருந்ததால் அவருடைய ஆட்கள் அதைத் திரும்பத் திரும்ப அக்கக்காகக் கழற்றி, இடம் கூட்டி, மறுபடி தைத்தார்கள். குழுவில் ஓலாவ் பியோலாண்ட் என்ற தச்சர் இருந்தார். அவரே நாடறிந்த ஸ்கீ வீரர். சறுக்குவண்டிகளை இழைத்து இழைத்து எடை குறைத்தது அவர் கை.

ஸ்காட்டின் குழுவிலும் அக்கறை இல்லாமல் இல்லை. நார்வேயின் துருவப்பயணி நான்சென் அறிமுகப்படுத்திய டிரிக்வே கிரான் என்ற இளம் நார்வேக்காரரை ஸ்கீ ஆசிரியராகவே அழைத்துப் போனார்கள். ஆனால் அவர்களுடைய கதகதப்பான காலணி, மென்மையான கலைமான் தோலால் ஆனது. மென்மையான காலணி பலகையைத் திருப்பாது. அந்தக் காலணியை அப்படியே உள்ளே நுழைத்துக்கொள்ளும் ஒரு ஸ்கீ-செருப்பை அங்கேயே உருவாக்கினார் கடற்படை வீரர் எட்கர் எவன்ஸ். நல்ல தீர்வுதான், புறப்படும் முன் லண்டனில் யோசித்திருக்க வேண்டிய தீர்வு.

1911 டிசம்பர் 31 அன்று துணைக்குழுவினரிடம் ஸ்கீக்களை வழியிலேயே விட்டுவரச் சொன்னார் ஸ்காட். நாலு நாள் கழித்து அந்தக் குழுவிலிருந்த பவர்ஸை இறுதிக் குழுவில் சேர்த்துக்கொண்டார். நாலு பேர் ஸ்கீயில், ஐந்தாவது ஆள் பனியில் கால் புதையப் புதைய நடையில். அப்படியே துருவம் வரை போய், விட்ட இடத்துக்குத் திரும்பி வரும்வரை பவர்ஸ் நடந்தார். அமுண்ட்சன் துருவத்தை அடைந்தது டிசம்பர் 14. ஸ்காட் ஜனவரி 17. ஸ்காட்டின் முடிவுக்குக் காலணிதான் காரணம் என்று சொன்னால் அபத்தம். உணவு, நாய்கள், வானிலை என்று ஏடு ஏடாக எழுதப்பட்டிருக்கிறது. என்றாலும், ஒருவர் பூட்ஸையே பிரித்துத் தைத்துச் சரிசெய்தார், மற்றவர் மென்மையான காலணிக்கு மேல் ஒரு செருப்பைக் கூட்டிச் சமாளித்தார் என்ற வேறுபாடு என் கண்ணை விட்டுப் போவதில்லை.

பிணைக்கும் மூன்று குடும்பங்கள்

பூட்ஸ் முடிவானால் பைண்டிங் பாதி முடிவாகிவிடும். ஒவ்வொரு பூட்ஸின் அடியும் ஒரு வகைப் பைண்டிங்குக்கு மட்டுமே பொருந்தும்.

மூத்தது 75 மில்லிமீட்டர், மூன்று முள் வகை. பூட்ஸின் முனையில் வாத்து மூக்குபோல ஒரு தட்டை நாக்கு நீண்டிருக்கும். அதன் துளைகளில் மூன்று முட்கள் ஏற, மேலே ஒரு கம்பி அழுத்திப் பிடிக்கும். நார்வேக்காரர் புரோர் வித் 1927இல் உருவாக்கிய ரோட்டஃபெல்லா பைண்டிங்கின் வாரிசு. இயங்கும் பாகங்கள் குறைவு, கெடுவதற்கு அதிகம் இல்லை. விரும்பினால் குதிகாலைச் சுற்றி எஃகுக் கம்பிவடம் சேர்த்து இறக்கத்தில் பிடிமானம் கூட்டலாம். ஆனால் பூட்ஸ் பெரியது, கனம். காலில் ஏறும் ஒரு கிலோ முதுகில் ஏறும் பல கிலோவுக்குச் சமம் என்பதை மறக்கக் கூடாது. பாரவண்டி இழுத்துக்கொண்டு வாரக்கணக்கில் போகிறவர்களுக்கு இன்னும் இதுவே துணை.

இரண்டாவது என்.என்.என். பி.சி. பூட்ஸ் முனைக்கடியில் ஒரு எஃகுக் கம்பி. அதைப் பைண்டிங் கவ்விக்கொள்ளும். அடி எடுத்து வைப்பது இயல்பாக இருக்கும், பூட்ஸ் இலேசு, சாதாரண நடைக்கும் ஆகும். இதன் தொல்லை உறைபனி: கம்பி கவ்வும் பள்ளத்தில் பனி அடைத்துக்கொண்டால் பூட்டாது. கத்தி முனையால் சுரண்ட வேண்டும். மிதித்தாலே பூட்டிக்கொள்ளும் தானியங்கி வகையும் உண்டு. கையால் பூட்டும் வகையையே வாங்குங்கள். உறைந்த தானியங்கி, நடுவழியில் தானே கழன்ற கதைகள் ஏராளம். இன்னொரு பொறி: பூங்காத் தடங்களில் ஓடுபவர்களின் சாதாரண என்.என்.என். பூட்ஸ் பார்வைக்கு இதன் தம்பி மாதிரியே இருக்கும். அதன் கம்பி மெலிது. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. பழைய சாமான் வாங்கும்போது மக்கள் விழும் முதல் குழி இது.

மூன்றாவது, 2021இல் ரோட்டஃபெல்லாவே கொண்டுவந்த எக்ஸ்ப்ளோர். கம்பிக்குப் பதில் பூட்ஸின் இருபக்கமும் உள்வாங்கும் முளைகள். குனியாமல் மாட்டலாம், கைத்தடி முனையாலேயே கழற்றலாம், இறக்கத்தில் திருப்பம் நன்றாகக் கேட்கும். புதிதாக எல்லாவற்றையும் ஒருசேர வாங்க வசதியுள்ளவர்கள் இதைப் பார்க்கலாம். பழைய பூட்ஸ், வாடகை ஸ்கீ என்று கலந்து ஓட்டப்போகிறவர்களுக்கு, வடக்கே பரவலாகப் புழங்கும் என்.என்.என். பி.சி.யே சௌகரியம். லண்டனிலிருந்து வருடத்துக்கு ஓரிரு வாரம் போகிறவருக்கு என் ஓட்டும் அதற்கே.

இவற்றில் எதுவும், விழுந்தால் தானாகக் கழன்றுகொள்ளும் லிஃப்ட் ஸ்கீ பைண்டிங் மாதிரி அல்ல. விழுந்தாலும் பலகை காலோடு இருக்கும். குதிகால் சுதந்திரமாக இருப்பதால் ஓரளவு தப்பலாம். வேகத்தைத் தாமே அடக்கிக்கொள்வதுதான் பாதுகாப்பு.

எந்தப் பனிக்கு எந்தப் பலகை

இப்போது சுவரில் மின்னும் ஸ்கீக்கு வரலாம். கடைக்காரர் உங்கள் உயரத்தைக் கேட்டால், நீங்கள் எடையைச் சொல்லுங்கள், முதுகுப்பையையும் சேர்த்து. 75 கிலோ ஆள் 15 கிலோ பையோடு போனால், பலகையைப் பொறுத்தவரை அவர் 90 கிலோ. நடைக்கான ஸ்கீ நடுவில் மேலெழும்பி வளைந்திருக்கும். இரு காலிலும் எடையைப் பகிர்ந்து சறுக்கும்போது அந்த நடுப்பகுதி பனியைத் தொடக் கூடாது. ஒரு காலில் முழு எடை போட்டு உதைக்கும்போது மட்டும் தொட்டுப் பிடிக்க வேண்டும். வளைவு உங்கள் எடைக்கு மீறி விறைப்பாக இருந்தால் உதைக்கும்போது பிடி கிடைக்காது, பின்னால் வழுக்கும். தொய்வாக இருந்தால் சறுக்கும்போதெல்லாம் உரசி இழுக்கும்.

அகலத்தில் பேராசை வேண்டாம். ஃபிஷர் ஈ99, ஓஸ்னெஸ் கம்மே 54 போன்ற நெடும்பயண ஸ்கீக்களின் இடை 54 மில்லிமீட்டர். சமவெளியில் நேராக ஓடும். வெட்டிவைத்த தடம் கிடைத்தால் அதிலும் பொருந்தும். இடை ஒடுங்கி முனையும் வாலும் விரிந்த அகலப் பலகைகள் மெத்தென்ற பனியில் மிதக்கும், இறக்கத்தில் அழகாகத் திரும்பும், ஆனால் சமதளத்தில் அங்குமிங்கும் அலையும். காணொளிகளில் எல்லோரும் இறங்கிக்கொண்டே இருப்பார்கள். உண்மைப் பயணத்தில் பெரும்பொழுது சமதளமும் மென்மேடும்தான். எஃகு விளிம்பு மட்டும் அவசியம். காற்றில் இறுகிய பனியில் அது இல்லாமல் நிற்க முடியாது.

பிடிக்கு மூன்று வழி. பலகையடியில் மீன்செதில்போல வெட்டுகள், மெழுகு, ஒட்டும் ரோமப்பட்டை. இதில் எது என்பது லண்டனிலிருந்து நீங்கள் எந்தப் பக்கம் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

யூஸ்டன் நிலையத்தில் இரவு ரயில் ஏறினால் காலையில் அவிமோர். கெய்ர்ன்கார்ம் மலைகள் எதிரே நிற்கும். இரண்டாம் உலகப் போரில் பேக்கர் தெருவிலிருந்து இயங்கிய இரகசியப் போர்ப்படையின் நார்வே வீரர்கள், லிங்கே கம்பெனியினர், பயிற்சி பெற்றது இந்த கிளென்மோர் காட்டுப் பகுதியில்தான். 1943 பிப்ரவரி 27 இரவு நார்வேயின் வேமோர்க் கனநீர் ஆலையைத் தகர்த்த குழுவில் ஐந்து பேர், பிறகு ஏறக்குறைய 400 கிலோமீட்டர் ஸ்கீயிலேயே போய் சுவீடனைச் சேர்ந்தார்கள். ஸ்காட்லாந்துப் பனி பூஜ்யம் டிகிரியைச் சுற்றியே ஊசலாடும்; காலையில் கண்ணாடி, மதியம் கஞ்சி. இந்த ஊசலாட்டத்தில் மெழுகு மாற்றிமாற்றிப் பூசுவதற்குள் பொழுது போய்விடும். செதில் வெட்டிய பலகை, கையில் ஒரு குட்டை ரோமப்பட்டை, போதும். பனிக்கோடு வரை புதர்க்காட்டில் ஸ்கீயை முதுகில் கட்டி நடக்க வேண்டியிருக்கும். அடிப்பிடிப்புள்ள, நடக்க வசதியான பூட்ஸ் அங்கே அதன் விலையைக் காட்டும்.

நார்வேயின் ஹார்டாங்கர் பீடபூமி வேறு குணம். ஒஸ்லோ-பெர்கன் ரயில் பாதையில் 1222 மீட்டர் உயரத்தில் ஃபின்சே நிலையம். ஷாக்கிள்டன் 1914இல் தம் துருவச் சாமான்களைச் சோதித்துப் பார்த்த இடம். பிப்ரவரி, மார்ச்சில் பனி காய்ந்து, குளிர்ந்து, நிலையாக இருக்கும். நீல மெழுகு பூசிய பலகை அங்கே சத்தமில்லாமல் ஓடும். செதில் பலகை அதே பனியில் ஓயாமல் கிர்ரென்று இரையும், வேகமும் மட்டு. எனினும் முதல் தடவை போகிறவருக்கு மெழுகு வித்தை இன்னொரு பாடச்சுமை. மச்சான் கூட வந்தால் மெழுகு, தனியாகப் போனால் செதில் என்று நான் சொல்வேன். எந்தப் பக்கம் போனாலும், ஸ்காட்லாந்தில் எஸ்.ஏ.ஐ.எஸ்., நார்வேயில் வார்சோம் வெளியிடும் பனிச்சரிவு அறிக்கையைப் படிக்காமல் புறப்படக் கூடாது. செங்குத்துச் சரிவுகளுக்கு அடியிலும் தங்கக் கூடாது.

பணம் போடும் முன்

மூன்றும் புதிதாக வாங்கினால் 500 பவுண்டு சர்வசாதாரணமாகக் கரையும். ஆகவே முதல் பயணத்தில் பூட்ஸ் தவிர எல்லாவற்றையும் வாடகைக்கு எடுங்கள். முடிந்தால் அதையும்தான். நார்வேயில் ‘புவா’ என்ற அமைப்பின் கிளைகள் விளையாட்டுச் சாமான்களை இலவசமாகவே கடன் தருகின்றன. ஒஸ்லோ உறவினருக்கு அது தெரிந்திருக்கும். அங்கே பழைய ஸ்கீக்களும் மலிவு. வளைவு செத்துப்போகவில்லை என்பதை மட்டும் பாருங்கள்: இரண்டையும் அடியோடு அடி சேர்த்துப் பிடித்தால் நடுவில் இடைவெளி தெரிய வேண்டும்.

லண்டனிலேயே பழக ஹைட் பார்க் இருக்கிறது. சக்கரம் வைத்த குட்டை ஸ்கீயில், கைத்தடிகளோடு, சர்ப்பன்டைன் ஏரிக்கரைச் சாலையில் லண்டன் ரீஜன் நார்டிக் ஸ்கீ கிளப்பினர் பழகுவதைப் பார்க்கலாம். வேடிக்கை பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். உடலின் சமநிலை அங்கே வந்துவிடும். நிறுத்துவது மட்டும் வராது. தார்ச்சாலை பனியைப் போல மன்னிக்காது.

கடைசியாக, பைண்டிங் பொருத்துவது. லிஃப்ட் ஸ்கீ மட்டுமே பார்த்துப் பழகிய பட்டறையில் கொடுத்தால், முதலில் பலகையின் எடைமையத்தைக் கண்டுபிடித்துக் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பூட்ஸ் முனையின் கம்பியோ முள்வரிசையோ பெரும்பாலும் அந்தக் கோட்டின் மேல் வர வேண்டும். பூட்ஸின் நடுப்பகுதி அல்ல. எந்த அளவுத் துளை போட வேண்டும் என்பது பலகையின் மேலேயே அச்சிட்டிருக்கும். துளையில் பசை விட்டுத்தான் திருகை இறக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் உள்ளே போய்க் கட்டையை உளுத்துப்போகச் செய்யும். மலைக்குப் போகும்போது உபரித் திருகுகள், கொஞ்சம் எஃகுப் பஞ்சு, பசை நாடா, பிளாஸ்டிக் கட்டுப்பட்டைகள் ஒரு சிறு பையில் இருக்கட்டும். அதோடு போசிட்ரைவ் 3 முனையுள்ள ஸ்க்ரூடிரைவர் ஒன்று. பெரும்பாலான ஸ்கீ திருகுகளுக்கு அதுவே சரியாக உட்காரும், வீட்டுச் சாமான் பெட்டியில் கிடக்கும் பிலிப்ஸ் முனை திருகின் தலையைத் தேய்த்துவிடும். விமானத்தில் அதைக் கைப்பையில் வைக்காதீர்கள்.